அலியன் 260 வாங்கலாமா? மலைப்பாதையில் ஆறு வருஷம் ஓட்டிய கணக்கு



இரண்டு மாதமாக இன்பொக்ஸில் ஒரே கேள்வி. "டீச்சர், உங்கட அலியன் எப்படி? நம்பி வாங்கலாமா?" கட்டாரில் இருந்து திரும்பி வந்த ஒரு தம்பி கேட்டார். எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஒரு ஆசிரியை கேட்டார். பசாரில் கடை வைத்திருக்கும் ஒரு நாநா, மகளின் கலியாணத்துக்கு முன் வண்டி மாற்ற வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் போட்டு முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஒரு கோடியை ஒட்டிய காசு போடப் போகிறவர் பத்து நிமிஷம் வாசிக்கலாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. கார் விற்பவளும் இல்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, ஒரு தோட்டப்புறப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீட்டில் இருந்து பாடசாலைக்கு 14 கிலோமீற்றர், தினமும் நானே ஓட்டுகிறேன். வண்டி 2010 மாதிரி டொயோட்டா அலியன், 1.5 லீற்றர். 2019 கடைசியில் வாங்கும்போது மீற்றரில் 82,000. இன்று 1,61,000. பெற்றோல், சேர்விஸ், டயர் எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு டீச்சர் வேறென்ன செய்வது!

வண்டி விற்பனை விளம்பரங்களில் அலியனுக்கு எப்போதும் மூன்று வார்த்தை போடுவார்கள். விசாலமான கார், ஸ்போட்டியான கார், குடும்பக் கார். இந்த மூன்றும் கொழும்பு பாதையில் ஒரு அர்த்தம், ஹட்டன் பாதையில் வேறு அர்த்தம். அதனால் மூன்றையும் ஒவ்வொன்றாக நம் பாதையில் வைத்துப் பார்ப்போம்.

*இது என்ன வண்டி?*

பழைய ஆட்களுக்குக் கரீனா ஞாபகம் இருக்கும். 2001 கடைசியில் டொயோட்டா கரீனாவை நிறுத்திவிட்டு அலியனைக் கொண்டுவந்தது. "ஓல் இன் வன்" என்ற சொல்லைச் சுருக்கித்தான் அலியன் என்று பெயர் வைத்தார்கள். கொரோனா பிரிமியோவின் இடத்துக்குப் பிரிமியோ வந்தது. அலியனும் பிரிமியோவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அடிச்சட்டம், எஞ்சின், கியர் எல்லாம் ஒன்று. முகமும் பின்பக்க லைட்டும்தான் வேறு. பிரிமியோ பெரிய மனுஷனுக்கு, அலியன் இளைஞனுக்கு என்று பிரித்து விற்றார்கள். ஸ்போட்டி என்ற பெயர் அலியனுக்கு வந்தது அப்படித்தான். நம் நாட்டில் பிரிமியோவுக்கு விலை கொஞ்சம் கூட. அந்தக் கூடுதல் காசு முகத்துக்கே தவிர எஞ்சினுக்கு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் 260 என்று சொல்வது 2007 ஜூனில் வந்த இரண்டாவது தலைமுறை. 2010இல் ஒருமுறை, 2016இல் ஒருமுறை முகம் மாற்றினார்கள். 2021 மார்ச்சில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் திகதி முக்கியம். ஏன் தெரியுமா? நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1இல். மூன்று வருஷத்துக்கு மேல் பழைய காரை இறக்க முடியாது. 2021இல் தயாரிப்பு நின்ற வண்டி 2025இல் எப்படி வரும்? வராது. ஆகவே இலங்கையில் இப்போது ஓடும் அலியன்தான் கடைசி அலியன். ஆகப் புதியதற்கே ஐந்து வயது தாண்டிவிட்டது. நம் கைக்கு எட்டுவதில் பெரும்பாலானதற்குப் பத்து வயதுக்கு மேல், பதினைந்தும் இருக்கும். "புதுசு போல இருக்கு" என்று புரோக்கர் சொன்னால் சிரித்துக்கொண்டே பொனட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

*விசாலம்: நீளத்தில் தாராளம், அகலத்தில் ஒடுக்கம்*

முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 2,700 மில்லிமீற்றர். அக்சியோவுக்கும் ஹொண்டா கிரேஸுக்கும் 2,600. பத்து சென்ரிமீற்றர் என்பது வகுப்பறையில் கையளவு ரூலரின் முக்கால் பங்கு கூட இல்லை. ஆனால் அது அப்படியே பின்சீற்றின் முழங்காலுக்குப் போய்ச் சேருகிறது. என் கணவர் ஆறடி. அவர் முன்னால் இருந்தாலும் பின்னால் இருக்கிற ஆள் காலை நீட்டலாம்.

ஆனால் அகலம் 1,695 மில்லிமீற்றர்தான். அக்சியோவும் இதே அகலம். காரணம் ஜப்பானின் சட்டம். அங்கே 1,700 மில்லிமீற்றரைத் தாண்டினால் பெரிய கார் வகுப்புக்குப் போய்விடும். அதனால் கோட்டுக்குள் நிற்கிற மாதிரி அளந்து செய்திருக்கிறார்கள். பின்னால் மூன்று பெரியவர்கள் இருந்தால் காலுக்கு இடம் இருக்கும், தோளுக்கு இருக்காது. இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும் என்றால் சுகமாகப் போகலாம்.

இந்த ஒடுக்கம் நமக்கு நட்டமா? இல்லை. வட்டவளைக்கும் ரொசல்லைக்கும் இடையில் எதிரே பஸ் வரும்போது, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். அந்த நேரத்தில் வண்டி ஒல்லியாக இருப்பது ஒரு நிஃமத். ஊர் ஒழுங்கைகளில் திருப்பவும் லேசு.

எங்கள் குடும்பம் இந்த வண்டியைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம் பின்சீற். 2019இல் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கண்டியில் கிளினிக். ஒவ்வொரு தடவையும் வாடகை வேனில் நிமிர்ந்து இருக்க முடியாமல், கம்பளை தாண்டும்போதே ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவார். அலியனின் பின்சீற் சாய்மானத்தைப் பின்னுக்குச் சாய்க்கலாம். சிடான் கார்களில் இது அபூர்வம். சாய்த்து, தலையணை வைத்து, பெல்ட் போட்டால் ஒரு தூக்கமே போட்டுவிடுவார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டு, கணவரின் பழைய வேனையும் விற்று வாங்கியது இதற்காகத்தான். மூன்று வருஷம் அந்தச் சீற்றில் போய் வந்தார். 2023இல் வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். வீட்டில் முடியாத பெரியவர் இருக்கும் குடும்பங்கள் இந்த ஒரு விஷயத்தை முதலாவதாகப் பாருங்கள். வேறு எந்த வசதியும் அதற்குப் பிறகுதான்.

*ஸ்போட்டி: முகத்தில் உண்டு, காலில் இல்லை*

இனி எல்லா இளைஞர்களும் கேட்கும் கேள்வி. இழுவை எப்படி?

எஞ்சின் 1,496 சீசீ. கடதாசியில் சுமார் 110 குதிரைவலு. ஆனால் அது கடல் மட்டத்துக் கணக்கு. எஞ்சின் மூச்சு விடுவது காற்றில். உயரம் போகப் போகக் காற்று மெல்லிசாகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் வலுவை இழக்கும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர். அங்கே 110 என்பது 96 ஆகிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே 90ஐத் தொட்டாலே பெரிது. வண்டியின் நிறை சுமார் 1,200 கிலோ. ஐந்து பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றினால் 1,500 கிலோவைத் தாண்டும். இப்போது நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அதாவது கினிகத்தேனை ஏற்றத்தில் அலியன் ஏறும். நிற்காது, சூடாகாது. ஆனால் லொறியை முந்துவதற்கு நீங்கள் அவசரப்பட்டால் அது அவசரப்படாது. எஞ்சின் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். இது சீ.வீ.டீ. கியரின் குணம். ஏற்றத்தில் முந்துவதென்றால் எதிர்ப்பாதை முழுதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லொறிக்குப் பின்னால் திக்ரு சொல்லிக்கொண்டு போவதுதான் நல்லது.

வளைவுகளில்? ஸ்டியரிங் மெல்லியது, பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் களைப்பே இல்லை. ஆனால் உடம்பு சாயும். பின்னால் இருக்கும் பிள்ளைக்கு ரம்பொடை வளைவுகளில் தலை சுற்றும். என் இளைய மகளுக்கு ஒரு இஞ்சி மிட்டாய்ப் போத்தல் எப்போதும் வண்டியில் இருக்கிறது.

உண்மையிலேயே ஸ்போட்டியான குடும்பக் கார் வேண்டும் என்பவர்கள் அதே காலத்து ஹொண்டா சிவிக் எஃப்.டி. மாதிரியைப் பாருங்கள். 2005 கடைசியில் இருந்து வந்தது. அதற்கும் 2,700 மில்லிமீற்றர் இடைத்தூரம். 1.8 எஞ்சினுக்கு 140 குதிரைவலு. பின் சில்லு இரண்டும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் என்பதால் வளைவில் பாதையைப் பிடித்துக்கொண்டு போகும். பின்சீற்றின் கீழ்த்தளம் கிட்டத்தட்டத் தட்டையானது, நடுவில் இருப்பவருக்குக் கால் வைக்க மேடு இல்லை. ஓட்டுகிற சந்தோஷத்தில் அலியன் அதற்குப் பக்கத்திலும் வராது. ஆனால் அகலம் கூட, உயரம் குறைவு, பெற்றோலும் கூடக் குடிக்கும். விற்கும்போது டொயோட்டாவுக்கு இருக்கும் மதிப்பும் அதற்கு இல்லை. அதே சிவிக்கில் ஹைபிரிட் மாதிரியும் வந்தது. அதன் பற்றரிக்கு இப்போது வயது என்ன என்று யோசித்துவிட்டு விலை பேசுங்கள்.

*இறக்கம்: இதை மட்டும் தயவுசெய்து தவறாமல் வாசியுங்கள்*

மலைநாட்டில் ஒரு காரின் தரம் தெரிவது ஏற்றத்தில் இல்லை. இறக்கத்தில்.

2023 ஜனவரி 20, நானுஓயா ராதெல்ல குறுக்குப் பாதை. ஏழு பேர் போனார்கள். அந்த நாளை நம் ஊர்ப்பக்கம் யாரும் மறக்கவில்லை. 2025 மே 11, கொத்மலை கெரண்டி எல்ல. ஒரு பஸ்ஸில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அவை பெரிய வாகனங்கள், காரணங்களை விசாரித்தவர்கள் சொல்லட்டும். நான் சொல்வது நம் சின்னக் கார்களுக்கும் பொருந்தும் ஒரு கணக்கு.

நுவரெலியாவில் இருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது 600 மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். 1,500 கிலோ நிறையுள்ள வண்டி 600 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 26 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். தரம் 11 பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்து பார்த்த கணக்கு இது. காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் எங்கே போகும்? ஒன்று எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கை அளவான நாலு பிரேக் பேட்டுகள் தாங்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடேறி, கருகிய மணம் வரும், பிறகு பிடிப்புக் குறையும். பிரேக் ஒயில் பழசாகித் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது கொதித்து, மிதி நேராகக் கீழே போகும்.

அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே டீயில் இருந்து கீழ் நிலைக்கு மாற்றுங்கள். கியர் தண்டில் டீக்குக் கீழே எஸ், பி, எல் என்று வண்டிக்கு வண்டி எழுத்து மாறும். எழுத்து எதுவானாலும் வேலை ஒன்றுதான், எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும். சத்தம் கூடும். கூடட்டும், அது எஞ்சினுக்குக் கெடுதி இல்லை. அப்போது பெற்றோலும் எரியாது. நியூற்றலில் விட்டு இறக்கினால் பெற்றோல் மிச்சம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது மிச்சமும் இல்லை, உயிருக்கு உத்தரவாதமும் இல்லை.

அலியன் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆறு வருஷத்தில் முன் பேட் மூன்று தடவை மாற்றினேன். பிரேக் ஒயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன். வண்டி பார்க்கப் போகும்போது டெஸ்ட் டிரைவ் என்று டவுனைச் சுற்றாதீர்கள். ஒரு நீண்ட இறக்கத்துக்குக் கொண்டுபோங்கள். கீழே வந்து நிறுத்தி, சில்லுப் பக்கம் மணந்து பாருங்கள். ஸ்டியரிங் நடுங்குகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நம் ஊர்ப் பரீட்சை.

*தோட்டத்துப் பாதை*

கீழ்ப்பக்க இடைவெளி 160 மில்லிமீற்றர். ஏ7 பாதைக்குப் போதும். டிவிஷனுக்குள் போகும் கல்லுப் பாதைக்குப் போதாது. ஜி பிளஸ் போன்ற மாதிரிகளில், அல்லது சொந்தக்காரர் ஆசைக்குப் போட்ட கிட்டுகளில் முன் உதடு இன்னும் கீழே தொங்கும். அது அழகுக்கு நல்லது, லயத்துப் பாதைக்கு இல்லை. எங்கள் பாடசாலைக்குப் போகும் கடைசி ஒன்றரைக் கிலோமீற்றர் உடைந்த கொங்கிரீட். தனியாகப் போனால் அடி தட்டாது. நாலு ஆசிரியைகளை ஏற்றினால் இரண்டு இடத்தில் தட்டும். அந்த இரண்டு இடத்திலும் அவர்கள் இறங்கி நடப்பார்கள். சிரித்துக்கொண்டுதான், என்றாலும் மழை நாளில் யாரும் சிரிப்பதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா வந்து போன பிறகு பாதைகளின் நிலை உங்களுக்குத் தெரியும். தினமும் தோட்டத்துக்குள் போக வேண்டியவர் இந்த வண்டியை வாங்க வேண்டாம். உயரமான வண்டி ஒன்றைப் பாருங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

*பெற்றோலும் செலவும்*

கொப்பியில் உள்ளது இது. பாடசாலை, பசார், மத்ரஸா என்று மலைக்குள் ஓடினால் லீற்றருக்கு 8.5 முதல் 9.5 கிலோமீற்றர். கொழும்புக்குப் போய் வந்தால் 12.5 முதல் 13.5. குளிர் காலையில் சின்னத் தூரம் ஓடினால் 8க்கும் கீழே போகும். ஜப்பான் காட்டும் கணக்கை மலையில் எதிர்பார்க்க வேண்டாம். 2022இல் கியூ.ஆர். வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள். என் கணக்கில் அது 180 கிலோமீற்றர். பாடசாலைக்கு ஐந்து நாள் 140. மிச்சம் 40. அந்த 40ஐ வாப்பாவின் கிளினிக்குக்காகச் சேர்த்துச் சேர்த்து வைத்த காலம் அது. வண்டி எவ்வளவு குடிக்கும் என்பது வெறும் காசுக் கணக்கு இல்லை என்று அப்போது விளங்கியது.

எஞ்சின் டைமிங் செயினில் ஓடுவது, பெல்ட் மாற்றும் செலவு இல்லை. அக்சியோ, விட்ஸ் என்று நாடு முழுக்க ஓடிய எஞ்சின் என்பதால் எந்த பாஸுக்கும் கை பழக்கம். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை, கண்டியிலும் கிடைக்கும். கவனம் வேண்டியது சீ.வீ.டீ. ஒயில். அதற்கென்று உள்ள ஒயிலைத் தவிர வேறு கியர் ஒயில் ஊற்ற விடாதீர்கள். மலையில் ஓடும் வண்டிக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். இதுவரை கியரில் ஒரு வேலையும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோல் மிச்சம் வேண்டும் என்பவர்கள் கிரேஸ் ஹைபிரிட்டைக் கேட்கிறார்கள். பாதையில் மிச்சம் உண்மைதான். ஆனால் அதில் உள்ளது இரட்டைக் கிளச் கியர். ஏற்றத்தில் வாகன வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடேறும். சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் டவுனில் நிற்கிற வரிசையும், ஏப்ரலில் நுவரெலியாவுக்கு ஏறுகிற வரிசையும் தெரிந்தவர்கள் அதை யோசித்து முடிவெடுங்கள். அக்சியோ ஹைபிரிட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, இடம்தான் குறைவு.

*வாங்கப் போகும்போது*

ஒன்று. ஒக்ஷன் ஷீட் கேளுங்கள். விற்பவர் காட்டும் கடதாசியை நம்பாமல் செசி இலக்கத்தை வைத்து நீங்களே எடுத்துப் பாருங்கள். ஜப்பானில் இருந்து வரும்போது மீற்றர் எவ்வளவு என்று அதில் இருக்கும். மீற்றரைக் குறைப்பது நம் நாட்டில் பெரிய வித்தை இல்லை. பெடல் றப்பரும், டிரைவர் சீற்றின் ஓரமும், ஸ்டியரிங் தோலும் பொய் சொல்லாது.

இரண்டு. டிட்வா வெள்ளத்தில் தாழ்ந்த ஊர்களில் எத்தனையோ வாகனம் மூழ்கியது. அவை கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நுனியில் சேற்றுக் கோடு இருக்கும். டிக்கியில் ஸ்பெயார் சில்லு வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். கம்பளத்தைத் தூக்கி மணந்து பாருங்கள்.

மூன்று. அந்தக் காலத்து ஜப்பான் கார்கள் பலவற்றில் டக்காட்டா ஏர் பேக் இருந்து, உலகம் முழுவதும் திரும்ப அழைத்து மாற்றினார்கள். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அது பொருந்துமா, மாற்றியாயிற்றா என்று செசி இலக்கத்தைக் கொடுத்து ஏஜென்டிடம் கேளுங்கள்.

நாலு. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன் பேப்பரில் வண்டி வாங்க வேண்டாம். விற்றவர் யாரென்று தெரியாமல், புத்தகத்தில் இருப்பவரைத் தேடி அலைந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

*காசு விஷயம்*

இதை எழுதலாமா விடலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

லீசிங்கில் "வருஷத்துக்குப் பத்து வீதம்தான்" என்று சொன்னால், அது எந்தப் பத்து என்று கேளுங்கள். 20 லட்சம், ஐந்து வருஷம், ஃபிளாட் 10 வீதம் என்று வையுங்கள். வட்டி 10 லட்சம், மொத்தம் 30 லட்சம், மாதம் 50,000. கணக்கு சுத்தம் போலத் தெரியும். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி வருஷத்தில் உங்களிடம் மிச்சமாக இருக்கும் முதல் கொஞ்சம்தான், வட்டியோ முழு 20 லட்சத்துக்கும் போடப்பட்டது. குறையும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வீதம் வருஷத்துக்கு 17ஐத் தாண்டுகிறது.

வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். இஜாரா, முராபஹா என்று வழிகள் இருக்கின்றன. அவற்றின் விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். அங்கேயும் மொத்தமாக எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். பெயர் ஹலாலாக இருப்பதால் தவணை சின்னதாகிவிடாது. ஒரு ஆசிரியரின் சம்பளத்தில் மாதம் 50,000 போனால் வீட்டில் என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். தவணையும் பெற்றோலும் சேர்ந்து வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த வண்டி உங்களைச் சுமக்காது, நீங்கள்தான் அதைச் சுமப்பீர்கள். அப்படியானால் ஒரு விட்ஸோ, பழைய கொரோலாவோ போதும். பாடசாலை வாசலில் யாரும் நமக்குப் புள்ளி போடப் போவதில்லை.

*ஆகவே, யாருக்கு?*

வீட்டில் முதியவர் இருந்து, கண்டிக்கோ கொழும்புக்கோ அடிக்கடி போகிறவர்கள், வீடு வரை தார்ப்பாதை உள்ளவர்கள், ஐந்து பேருக்குள் அடங்கும் குடும்பம், பெரும் பங்கு காசு கையில் உள்ளவர்கள்: தாராளமாக வாங்கலாம். நல்லதொன்று கிடைக்கும் வரை பொறுத்திருங்கள்.

வேகம் வேண்டும் என்கிற தம்பிமார், தோட்டத்துக்குள் தினமும் போகிறவர்கள், முழுக்க முழுக்கக் கடனில் வாங்க இருப்பவர்கள்: வேண்டாம்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் லைசன்ஸ் எடுத்து அலுமாரியில் வைத்திருக்கும் பெண்கள் பலர். இந்த வண்டி ஓட்டப் பயப்படத் தேவையில்லாத வண்டி. இரவு ஒரு மணிக்கு வாப்பாவுக்கு மூச்சு முட்டியபோது கணவர் கொழும்பில் சாமான் எடுக்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பனிமூட்டத்தில் ஏசியைப் போட்டுக் கண்ணாடியைத் தெளிவாக்கி, லைட்டைத் தாழ்த்தி, மெதுவாகப் போனேன். அந்த இரவு அல்லாஹ்வின் உதவியால் சரியாகப் போயிற்று. வீட்டில் எந்தக் கார் நிற்கிறது என்பதைவிட, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது முக்கியம். ஆண்கள் இதை வாசித்தால், வீட்டில் உள்ள லைசன்ஸை அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுங்கள்.

சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க விரும்பும் தெரிந்தவர்கள், குடும்பத்தோடு வரலாம். முதியவர் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், பின்சீற்றில் இருந்து பார்க்கட்டும். கொப்பியும் காட்டுவேன். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் கணக்கைக் கீழே எழுதுங்கள், அடுத்தவருக்குப் பிரயோசனமாகும்.

அல்லாஹ் எல்லோரின் பிரயாணத்தையும் பாதுகாப்பாக்கி வைப்பானாக. வஸ்ஸலாம்.